பங்குக் கிணற்றில் உவர்

எழுபதுகளின் கடைசியில் மல்லாகம் நீதிமன்றக் கோட்டடிக்குப் போய்வந்தவர்களுக்குக் குணலட்சுமியைத் தெரிந்திருக்கும். வெள்ளைச் சேலையும் கறுப்பு மேலங்கியுமாக விறுவிறென்று நடப்பாள். கொலை வழக்கு, களவு வழக்கு எதையும் தொடமாட்டாள். கிணறு, வாய்க்கால், வேலி, ஒழுங்கை, இவைதான் அவளுடைய வழக்குகள். 'கிணத்து லோயர்' என்று சனம் பெயர் வைத்துவிட்டது. பட்டப்பெயர் வைக்கிற விசயத்தில் எங்கள் சனத்தை யாரும் வெல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயருக்கு அவள் கொடுத்த விலையைச் சனம் வசதியாக மறந்துபோனது. அந்தக் கதை கோட்டில் நடக்கவில்லை. அவளுடைய தகப்பனின் தோட்டத்தில், அவள் இன்னும் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது.

கீரிமலைக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் பரமலிங்கத்தின் வீடு இருந்தது. வீட்டோடு ஒட்டித் தோட்டம், தோட்டத்து மூலையில் கிணறு. அந்தக் கிணற்றில் மூன்று பேருக்குப் பங்கு. பரமலிங்கம், அவருடைய தம்பி சோமசேகரம், பக்கத்துக் காணிக்காரி இரத்தினம்மா. பங்குக் கிணற்றுக்கு முறை என்று ஒன்று உண்டு. இன்றைக்கு உன் முறை என்றால் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை தண்ணீர் உன்னுடையது, நாளைக்கு அடுத்தவருடையது. துலா என்கிற ஏற்றத்தில் ஆள் ஏறி மிதித்து இறைத்த காலத்தில் இந்த ஒழுங்கில் ஒரு பிசகும் வரவில்லை. எப்பேர்ப்பட்ட பலசாலிக்கும் மத்தியானத்துக்குள் கால் சோர்ந்துவிடும். மனிதன் களைத்து இருக்கிற நேரத்தில் கிணறு ஊறிக்கொள்ளும்.

பிறகு வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் தடுத்த வருடங்கள் வந்தன. யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கு எங்கும் இல்லாத கிராக்கி. கடலை விதைத்த காணியிலும் வெங்காயம், வாழை நின்ற இடத்திலும் வெங்காயம். பரமலிங்கம் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் ஒன்றை வாங்கிவந்து கிணற்றடியில் இறக்கினார். மிசினுக்குக் கால் சோர்வதில்லை.

மறுநாளே இரத்தினம்மா வந்துவிட்டாள். புருசன் இல்லாமல், மிளகாய்த் தோட்டத்தை மட்டும் நம்பி இரண்டு பெண்பிள்ளைகளை வளர்ப்பவள்.

"பரமலிங்கண்ணை, உது சரியில்லை. இண்டைக்கு நீங்கள் கிணத்தை வத்த இறைச்சுப்போட்டால் நாளைக்கு என்ரை முறைக்கு நான் சேறையோ இறைக்கிறது?"

பரமலிங்கம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வீட்டில் பதில் இருந்தது. குணலட்சுமி கொழும்புச் சட்டக் கல்லூரியில் முதல் வருடம் முடித்து விடுமுறையில் வந்திருந்தாள். ஒரு வருடம் சட்டம் படித்தவர்களுக்கு உலகத்தில் தெரியாதது எதுவும் இராது. அவள் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துவந்து, கிணற்றடியில் நின்றபடி படித்தாள்.

"உறுதியிலை முறை எண்டுதான் கிடக்கு, மாமி. துலா எண்டு ஒரு சொல்லும் இல்லை. முறை உள்ளவர் எப்பிடி இறைச்சாலும் அது அவரின்ரை உரிமை."

"அப்ப நான் என்ன செய்யிறது, பிள்ளை?"

"நீங்களும் ஒரு மிசின் வாங்குங்கோ."

சொல்லும்போது அது அவளுக்கு நியாயமான யோசனையாகத்தான் பட்டது. இரத்தினம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். பரமலிங்கம் அன்று பின்னேரம் ஒழுங்கையில் போன ஒருத்தரையும் விடாமல் மகளின் கெட்டித்தனத்தைச் சொன்னார். அதுவரை மிசினுக்கு எதிராக முறுமுறுத்த சோமசேகரம் அடுத்த மாதமே தமையனுடையதைவிடப் பெரிய மிசின் ஒன்றை இறக்கினார். இரத்தினம்மா மட்டும் துலாவோடு நின்றாள்.

கொழும்பில் குணலட்சுமி தொடர்ந்து படித்தாள். சட்டக் கல்லூரியில் தண்ணீருக்கென்று தனிப் பாடம் கிடையாது. சூழல் சட்டம் என்ற பேச்சே அந்நாளில் எழவில்லை. நிலச் சட்டத்தில் கொஞ்சம், பங்குடைமையில் கொஞ்சம், அயலவனுக்குத் தொல்லை கொடுப்பது பற்றிய பாடத்தில் கொஞ்சம் என்று தண்ணீர் சிதறிக் கிடந்தது. ஆற்றங்கரைக் காணிக்காரனின் உரிமைகள் மட்டும் பக்கம் பக்கமாக இருந்தன. ஆறே இல்லாத குடாநாட்டில் பிறந்தவள் அதை மனப்பாடம் செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு முதன்முதலாகத் தங்கள் கிணற்று மிசினின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குக் கீழே கடல் தண்ணீர்தான் கிடக்கிறது, மாரி மழை தந்த நல்ல தண்ணீர் பாலில் ஆடை படிந்ததுபோல அதன்மேல் மெல்லியதாக நிற்கிறது, மேலிருந்து அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழே கிடப்பது மேலே ஏறும் என்று அவர் எழுதியிருந்தார். மறுநாள் வகுப்பில், தன் காணியின் கீழுள்ள தண்ணீரை உரிமையாளன் விரும்பியபடி எடுக்கலாம், அயலவன் கிணறு வற்றினாலும் பெரும்பாலும் வழக்கில்லை என்று விரிவுரையாளர் சொல்லி முடித்தபோது அவள் எழும்பினாள். "வற்றாமல் உவராகினால், சேர்?" அவர், அது சோதனையில் கேள்வியாக வராது என்றார்.

எழுபத்து நான்காம் ஆண்டு ஆவணியில், கடைசிச் சோதனைக்குப் படிக்கவென்று அவள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று தோட்டக் கிணற்றடியில் முகம் கழுவினாள். சவுக்காரம் நுரைக்கவில்லை. உதட்டை நக்கிப் பார்த்தாள், கரித்தது. அடுப்படிக்குள் போனாள். தாய் ஞானாம்பிகை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி நன்றாகத்தான் இருந்தது. மூலையில் இரண்டு குடங்கள் மூடிக் கிடந்தன.

"அம்மா, உது எங்கத்தைத் தண்ணி?"

"மெல்லக் கதை. கோயில் கிணத்துத் தண்ணி."

"அப்ப எங்கடை கிணறு?"

ஞானாம்பிகை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "போன கோடையிலையே துடங்கிட்டுது. வெளியிலை வாய் திறந்திடாதை. வட்டுக்கோட்டையாலை காணி பாக்க வரப்போயினம்."

வட்டுக்கோட்டைச் சம்பந்தத்தைக் குணலட்சுமிக்கும் தெரியும். செல்வநாயகம் என்ற பெரிய தோட்டக்காரரின் மகன் நமசிவாயம், கொழும்பில் கணக்கு வாத்தியார். விடுமுறைக்கு வரும் ரயிலில் அவனும் அவளும் இரண்டு தடவை எதிரெதிரே இருந்து வந்திருக்கிறார்கள். அவள் சட்டம் படிக்கிறாள் என்று கேட்டு முகத்தைச் சுழிக்காத முதல் ஆண்பிள்ளை அவன். அவள் சொல்லும் நியாயத்தில் ஓட்டை கண்டுபிடித்துச் சிரிப்பான். தரகர் அந்தப் பெயரைச் சொன்னார் என்று வீட்டிலிருந்து தகவல் வந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. சாதகமும் பொருந்தியிருந்தது. இனிச் சீதனக் காணியைப் பார்ப்பதுதான் மிச்சம். அவளுக்கென்று வைத்திருந்த சீதனம் இந்தத் தோட்டமும் இந்தக் கிணற்றுப் பங்கும்தான்.

அன்று பின்னேரம் தகப்பனிடம் போனாள். பரமலிங்கம் வெங்காய மேட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பு, தண்ணி உவர்த்துப்போச்சு."

"கோடையிலை கொஞ்சம் கரிக்கும். மழை பெய்தால் மாறும்."

"மிசினுகளை நிப்பாட்டினால்தான் மாறும்."

"ஏன் நிப்பாட்டினவை எண்டு ஊர் கேக்கும். உவர் எண்டு சொன்னால் காணி போச்சு, பிள்ளை. உன்ரை கலியாணமும் போச்சு."

"குறையை மறைச்சு உறுதி எழுதினால் அது மோசடி."

"உது விக்கிற காணியே? சீதனம்."

"சீதனமெண்டால் இன்னும் மோசம், அப்பு. ஆயுசு முழுக்க அவரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கப்போறவள் நான்."

பரமலிங்கம் நிமிர்ந்தார். அவர் கோபக்காரர் அல்ல, அதனால் அவர் சொன்னது இன்னும் ஆழமாகப் போனது. "இதே கிணத்தடியிலை நீதானே சொன்னனீ, முறை உள்ளவன் எப்பிடியும் இறைக்கலாமெண்டு. இப்ப வேறை சட்டம் வந்திட்டுதோ?"

வேறு சட்டம் வரவில்லை. பழைய சட்டத்தைத்தான் அவள் சரியாகப் படித்திருக்கவில்லை. அந்த வாரம் புத்தகத்தைத் திரும்ப எடுத்தபோது அது முதல் வருடப் பாடத்திலேயே இருந்தது. பொதுச் சொத்தைப் பங்காளி ஒருவர் மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் புதுவிதமாகப் பயன்படுத்த முடியாது. துலாக் கிணற்றில் மிசின் இறக்குவது புதுவிதம் இல்லாமல் வேறென்ன? அன்றைக்கு இரத்தினம்மா சொன்னது சம்மதமில்லை என்ற ஒரே சொல்தான். அதைக் கேட்கக் குணலட்சுமிக்குக் காது இருக்கவில்லை. உறுதியில் முறை என்று நேரத்தை மட்டும் எழுதியவர்கள், இறைக்கிறவன் களைப்பான் என்று நம்பி எழுதினார்கள். களைக்காத ஒன்று வரும் என்று அவர்கள் கண்டார்களா?

புத்தகத்தோடு குஞ்சியப்புவிடம், அதாவது சோமசேகரத்திடம் போனாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி பிள்ளை. ஆனால் தண்ணி நல்லாத்தானே கிடக்கு. என்னத்துக்கு நிப்பாட்டுறது?"

"இரத்தினம்மா மாமியின்ரை மிளகாய்க் கண்டெல்லாம் கருகுது, குஞ்சியப்பு."

"அவளின்ரை எருவிலைதான் பிழை."

சொல்லிவிட்டு மூக்குப்பேணிக் குவளையிலிருந்து தண்ணீரை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார். அந்தத் தண்ணீரும் கோயில் கிணற்றுத் தண்ணீர்தான். சோமசேகரத்துக்கும் கலியாண வயதில் ஒரு மகள் இருந்தாள், அவளுக்கும் இதே கிணற்றுப் பங்குதான் சீதனம். ஒழுங்கை முழுவதும் கோயில் கிணற்றில் அள்ளிக் குடித்துக்கொண்டு, தங்கள் கிணறு தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரத்தினம்மா ஒருத்திதான் உள்ளதைச் சொன்னாள், அதனால் அவளுடைய எரு கெட்டுப்போனது.

சோமசேகரத்தின் அடுத்த முறையன்று விடியக் காலையில் சத்தம் கேட்டுக் குணலட்சுமி ஓடிப்போனாள். இரத்தினம்மா மிசின் குழாய்க்குமேல் குந்தியிருந்தாள். சோமசேகரம் மண்வெட்டியோடு முன்னால் நின்றார்.

"எழும்படி."

"எழும்பமாட்டன். என்ரை பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது? வெட்டிறதெண்டால் வெட்டிப்போட்டுத் துடங்குங்கோ."

மண்வெட்டி அவர் கையில் மேலே எழும்பியது. வெட்டத்தான் தூக்கினாரா, பயமுறுத்தத் தூக்கினாரா என்று அவருக்கே தெரிந்திராது. இப்படித் தூக்கிய மண்வெட்டிகள் இறங்கிய வேலிகள் எங்கள் ஊர்களில் எத்தனை. பரமலிங்கம் தன் வெங்காய மேட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குணலட்சுமி இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

சோமசேகரம் மண்வெட்டியைத் தாழ்த்தினார். "லோயரம்மா வந்திட்டா. நீங்களே சொல்லுங்கோ. இண்டைக்கு ஆரின்ரை முறை?"

சம்மதம், பங்குடைமை, புதுவிதமான பயன்பாடு எல்லாம் அவளுடைய தொண்டைவரை வந்தன. ஆனால் அவற்றையெல்லாம் உண்மையாக்க உவர் என்ற ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டைக்காரர் வர இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

"உங்கடை முறை, குஞ்சியப்பு."

இரத்தினம்மா அவளை ஒருதரம் பார்த்தாள். பிறகு தானாகவே எழும்பிப் போனாள். மிசின் பொழுதுபடும்வரை ஓடியது. குணலட்சுமி புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். தன்மேல் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

காணி பார்க்கும் நாள் வந்தது. செல்வநாயகம் தரகரோடு வந்து இறங்கினார். வெயிலுக்குத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லையெல்லாம் நடந்து பார்த்தார். மண்ணைக் கிள்ளி உதிர்த்துப் பார்த்தார். மிசின்கள் அன்று சாக்குப் போர்த்திக் கிடந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் இரத்தினம்மா கருகிய மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் செல்வநாயகம் கிணற்றடிக்கு வந்து, கிணற்றுக் கட்டின்மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"தண்ணி கொஞ்சம் தாருங்கோ."

காணி பார்க்க வந்தவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் போவதில்லை. அதற்குத்தான் குடங்கள் காத்திருந்தன. ஞானாம்பிகை, அப்போதுதான் அள்ளிவைத்ததுபோல, செம்பையும் மூக்குப்பேணியையும் எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்தாள். வாசலில் குணலட்சுமி நின்றாள். செம்பைப் பிடித்தாள். ஞானாம்பிகை விடவில்லை. தாயும் மகளும் ஒரு செம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பிறகு தாயின் விரல்கள் தளர்ந்தன.

குணலட்சுமி செம்பையும் பேணியையும் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். செம்புத் தண்ணீரை வாழையடியில் ஊற்றினாள். வாளியைக் கிணற்றில் விட்டாள். கப்பி கிறீச்சிட்டது. பரமலிங்கம், "பிள்ளை" என்றார். அவள் வாளியை இழுத்தெடுத்து மூக்குப்பேணியை நிறைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடியுங்கோ, மாமா."

செல்வநாயகம் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஒரு வாய். அது வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது. துப்பியிருக்கலாம். அவர் பெரிய மனுசன், விழுங்கினார்.

"எப்ப துடக்கம்?"

"போன கோடையிலை இருந்து. மிசினுகள் இறைச்சு இறைச்சு வந்தது. நிப்பாட்டினால் மாறலாம். எப்ப மாறுமெண்டு எனக்குத் தெரியாது."

வேலிக்கு அந்தப் பக்கம் இரத்தினம்மா நிமிர்ந்து நின்றாள். செல்வநாயகம் மிச்சத் தண்ணீரை நிலத்தில் ஊற்றி, பேணியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். "நல்ல பிள்ளை" என்று பரமலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார். வெயில் ஏறுகிறது என்று தரகரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு சாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். பொருந்தியிருந்த சாதகம் எந்தக் கிரகம் நகர்ந்து பொருந்தாமல் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நமசிவாயத்திடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. தகப்பனை மீறி அவன் வருவான் என்று அவள் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். அந்த எதிர்பார்ப்பு உடைந்த அன்று அவள் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதாள். இரண்டும் ஒரே கரிப்பு.

ஆனால் ஒன்று நடந்தது. கிணறு உவர் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. சோமசேகரம் ஒழுங்கையில் நின்று தமையன் குடும்பத்தைப் பரம்பரையோடு ஏசித் தீர்த்தார். ஏசி முடிந்த பிறகு மறைக்க அவரிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் நல்லாத்தானே கிடக்கு என்ற சொல் செத்துப்போனது. குணலட்சுமி எழுதிய உடன்படிக்கையில் மூன்று பங்காளிகளும் கையெழுத்து வைத்தார்கள். இனி முறை மட்டும் கணக்கு இல்லை. கிணற்றுச் சுவரில் ஒரு கல்லில் வெட்டுப் போட்டார்கள். தண்ணீர் அந்த வெட்டுக்குக் கீழே நின்றால் யாருடைய முறையானாலும் மிசின் தொடங்கக் கூடாது, துலாதான். அந்த மாரி முடியும்வரை எப்படியும் தொடங்குவதில்லை.

கடைசியாகக் கையெழுத்து வைத்தவள் இரத்தினம்மா. "அண்டைக்கு என்னை மிசின் வாங்கச் சொன்னனீ, பிள்ளை" என்றாள்.

"ஓம், மாமி. பிழையாச் சொல்லிப்போட்டன்."

"ஓம். பிழையாத்தான் சொன்னனீ." பேனையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சோதனையில் ஆற்றங்கரை உரிமை பற்றிய கேள்விதான் வந்தது. எழுதினாள், பாஸ்.

பரமலிங்கம் மட்டும் மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டு எழும்புவார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அவமானம் இருந்தது, அதை அவளால் பார்க்க முடியவில்லை. ஐப்பசியில் மழை தொடங்கி மார்கழி வரை கொட்டியது. கிணறு நிரம்பி, வெட்டுப் போட்ட கல் மூழ்கிப்போனது. தையில் சோதனை முடிவோடு அவள் கொழும்பிலிருந்து வந்தபோது தகப்பன் கிணற்றடியில் நின்றார். மிசினின் சாக்கு விலக்கிக் கிடந்தது, பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கலன். வெங்காய நடுகை தொடங்கியிருந்தது.

அவர் அவளைப் பார்க்காமல் வாளியைக் கிணற்றில் விட்டார். அள்ளி, மூக்குப்பேணியில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பார்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அவளோடு கதைத்த முதல் வார்த்தை. அவள் பேணியை இரண்டு கையாலும் வாங்கினாள். "நீங்கள் குடிக்கேல்லையோ, அப்பு?"

"குடிச்சனான். நல்லாத்தான் கிடக்கு." பரமலிங்கம் கிணற்றுக்குள் பார்த்தார். "நல்லாக் கிடக்கோணுமெண்டு நினைச்சுக்கொண்டு குடிக்கிறவன் நான். என்ரை வாயை நான் நம்பேல்லை. நீ சொல்லு."

அவள் அண்ணாந்து ஊற்றினாள். முதலில் மழைத் தண்ணீரின் இனிப்பு. பிறகு விழுங்கும்போது, அடிநாக்கில், லேசாக, அது இன்னும் இருந்தது. நல்லது என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. சொன்னால் அவர் சிரிப்பார்.

"இன்னும் கொஞ்சம் கரிக்குது, அப்பு."

பரமலிங்கம் தலையை ஆட்டினார். குனிந்து சாக்கை எடுத்து மிசினுக்குமேல் இழுத்துப் போர்த்தினார்.

"அப்ப துலாவைப் பூட்டுவம். வா, வந்து கயித்தைப் பிடி."